ஆய்வு முறைகள் தாளில் ஒருமுறை தோற்றவள் சொல்வது

பகுதிநேரமாக உளவியல் பட்டம் படித்தபோது நான் தோற்ற ஒரே தாள் ஆய்வு முறைகள். 34 மதிப்பெண். மொரீஷியஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் பகல் முழுதும் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் பேச்சு கிரியோல், தேர்வு ஆங்கிலம். இத்தனை மொழிகளுக்கு நடுவே பாடம் மனத்தில் இறங்கவில்லை என்று முதலில் மொழியின் மேல்தான் பழியைப் போட்டேன். விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோது அந்தச் சாக்கும் போயிற்று. வரையறை கேட்ட இடங்களில் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். ஓர் ஆய்வை விவரித்து அதைப் பற்றிக் கேட்ட இடங்களில் எல்லாம் சறுக்கியிருந்தேன்.

ஒரு கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. இரவில் காப்பி குடிக்கும் மாணவர்களையும் குடிக்காத மாணவர்களையும் ஒப்பிட்டு, குடிப்பவர்களுக்குத் தூக்கம் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். இது எவ்வகை ஆய்வு, காப்பிதான் காரணம் என்று சொல்லலாமா? இரண்டு குழுக்களைப் பார்த்தவுடன் ‘பரிசோதனை’ என்று எழுதிவிட்டேன். சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று அரைப்பக்கம் நிரப்பினேன். ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் செய்யும் தவறு இது. என் வகுப்பில் திருக்குறளைத் தடையில்லாமல் சொல்லிவிட்டுப் பொருள் கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை நானே எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்!

அடுத்த ஆண்டு ஜனவரியில் இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள். மின்சாரமும் இல்லை. விரிவுரையாளர் படிக்கச் சொல்லியிருந்த ஒரு கட்டுரை மட்டும் அச்சில் கையில் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், நம் ஊர்க் காவடி!

திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற கிரேக்க மானிடவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் மொரீஷியஸ் தைப்பூசத்தில் செய்த ஆய்வு அது. 2013-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. வலி மிகுந்த சடங்கு மனிதரைக் கொடையாளி ஆக்குமா என்பது கேள்வி. கோயிலில் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்கள் ஒரு குழு. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் இன்னொரு குழு. காவடியோடு கூடவே நடந்து வந்தவர்கள் மூன்றாவது குழு. பங்கேற்றதற்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்துவிட்டு, அதிலிருந்து கோயிலுக்கு விரும்பியதைப் போடலாம் என்றார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாத ஏற்பாடு. வழிபாட்டுக் குழு சராசரியாக ஏறக்குறைய 80 ரூபாய் போட்டது, காவடி எடுத்தவர்கள் 130 ரூபாய்க்குச் சற்று மேல், கூட நடந்தவர்கள் 160 ரூபாய்.

கூட நடந்தவர்கள் எடுத்தவர்களையும் மிஞ்சியது எனக்கு வியப்பாக இல்லை. கத்ர் போர்னில் மலைமேல் இருக்கும் முருகன் கோயில் படிகளில், நாக்கில் வேலோடு ஏறும் மகனுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாத்திரத்துடன் ஏறும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆனால் தேர்வுக்கு எனக்கு உதவியது அந்த முடிவைவிட, கட்டுரையை இரண்டாம் முறை படித்தபோது தோன்றிய கேள்வி. இவர்களை இந்த மூன்று குழுக்களில் போட்டது யார்? ஆய்வாளர் போடவில்லை. நாணயம் சுண்டித் தலை விழுந்தால் நீ அலகு குத்து, பூ விழுந்தால் நீ பஜனை பாடு என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? நேர்த்திக்கடன் வைத்தவர் அவராகவே வந்தார். அப்படியென்றால் சமவாய்ப்பு ஒதுக்கீடு இல்லை. அது இல்லையென்றால், காவடி எடுப்பவர் முன்பே தாராள மனம் உள்ளவராக இருந்திருக்கலாமே என்ற ஐயத்துக்கு வழி திறந்துவிடுகிறது. இதற்குப் பெயர் அரைப்பரிசோதனை. வாழ்க்கை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் குழுக்களை ஆய்வாளர் ஒப்பிடுகிறார். அது மட்டமான ஆய்வு என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வகத்துக்குள் கொண்டுவர முடியாத ஒன்றை அது நடக்கும் இடத்திலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். ‘நீங்கள் தாராளமானவரா?’ என்று கேட்டு ஓர் எண்ணை வட்டமிடச் சொல்லாமல், கையிலிருந்த பணத்தை என்ன செய்தார் என்று எண்ணியிருக்கிறார்கள். எதை இழந்து எதைப் பெற்றார்கள் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

என் காப்பி மாணவர்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்கள். காப்பி குடிப்பது என்று முடிவு செய்தது அவர்களேதான். நாளைக்குத் தேர்வு என்ற பயத்தில் காப்பியும் குடித்திருக்கலாம், தூக்கமும் கெட்டிருக்கலாம். இரண்டையும் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் அந்தப் பயம்தான் குழப்பும் மாறி.

அன்றிலிருந்து எந்த ஆய்வைப் பற்றிக் கேட்டாலும் வினாத்தாளின் ஓரத்தில் முதலில் பெட்டிகள் வரைகிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் யார், அங்கே அனுப்பியவர் யார், கடைசியில் எதை எப்படி எண்ணினார்கள். இந்த மூன்றையும் நிரப்பாமல் விடை எழுதத் தொடங்காதீர்கள். இன்னொன்றையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். சமவாய்ப்பு மாதிரி என்பது ஊரிலிருந்து ஆட்களை எப்படிப் பொறுக்கினோம் என்பது. சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது பொறுக்கிய ஆட்களை எப்படிப் பிரித்தோம் என்பது. முதலாவது இருந்தால் ஊருக்கே பொருந்தும் என்று பேசலாம், இரண்டாவது இருந்தால் காரணம் பற்றிப் பேசலாம். இரண்டையும் குழப்பியே நான் ஒருமுறை ஆறு மதிப்பெண்ணைத் தொலைத்தேன்.

ஆய்வுத் திட்டத்தில் என் அனுபவம் இன்னும் கேவலம். காவடிக்கு முன் இருக்கும் பத்து நாள் விரதம் மன அமைதியைக் கூட்டுகிறதா என்று பார்க்க ஒரு வினாப்பட்டியல் தயாரித்தேன். ஆட்கள் 32 பேர்; பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். கையெட்டும் தூரத்தில் கிடைத்தவர்களைச் சேர்த்தால் அது வசதி மாதிரி. அதைச் செய்வதில் குற்றமில்லை, செய்துவிட்டு ‘மொரீஷியஸ் தமிழர்கள்’ என்று தலைப்பு வைப்பதுதான் குற்றம். நான் அதையும் செய்தேன்.

நான்காம் கேள்வி: ‘விரத நாட்களில் மனமும் உடலும் லேசாக இருந்தன.’ 1 முதல் 5 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சுற்ற வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். ‘மனம் லேசுதான் டீச்சர். முழங்கால் உயிர் போகிறது. எதைச் சுற்றட்டும்?’ என்றார். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகளைத் திணித்திருக்கிறேன் என்று பாடநூல் சொல்லித் தெரியவில்லை, அந்த முழங்கால் சொல்லித் தெரிந்தது. முன்னோட்டமாக ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

பிறகு என் பெரியம்மா. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றதால் கேள்விகளை நானே கிரியோலில் வாசித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எண் சொன்னார். இடையில் ஒரு முறை, ‘உனக்கு எது போட்டால் நல்லதோ அதைப் போட்டுக்கொள், மகளே’ என்றார். பத்துக் கேள்விக்கும் 5. முருகனுக்கு இருந்த விரதத்தில் 4 சொன்னால் அவருக்கே மனம் ஒப்பாது. என் தேர்வு பாழாகிவிடுமோ என்ற கவலை வேறு.

பாடத்தில் ஹான்ஸ் என்ற குதிரை வரும். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டென் என்பவர் வளர்த்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் அதைச் சோதித்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் உடலிலும் தோன்றும் மிகச் சிறிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு எப்படிக் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் கேள்வி கேட்க, கருதுகோள் தெரியாத வேறு ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும். (குதிரையோடு ஒப்பிட்டது அவர் காதுக்குப் போக வேண்டாம்.)

இந்த இரண்டு தோல்விகளையும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினேன். எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் வந்தது. குறைபாடுகள் பகுதியில் எல்லாரும் ‘மாதிரி சிறியது’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அதனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அடுத்த வரியில் சொல்லாவிட்டால் அந்த வரி வீண்.

புள்ளியியலுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். வரைந்த பெட்டிகளே பாதி வழி காட்டும். இரண்டு தனிக் குழுக்களின் சராசரி என்றால் டி சோதனை. காவடி ஆய்வைப் போல் மூன்று குழுக்கள் என்றால் அனோவா. ஆம், இல்லை என்று தலை எண்ணியிருந்தால் கை-வர்க்கம் என்ற கை-ஸ்கொயர் சோதனை. பெட்டியே இல்லாமல் ஒவ்வொருவரிடமும் இரண்டு அளவுகள் எடுத்திருந்தால் ஒட்டுறவு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை ஒருமுறையாவது ஐந்தாறு எண்களை வைத்துக் கையால் போட்டுப் பாருங்கள்.

பி மதிப்பில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். முதல் தேர்வில், பி மதிப்பு 0.03 என்றால் என் கருதுகோள் உண்மையாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு என்று எழுதினேன். தவறு. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 100-க்கு 3 என்பதே அதன் பொருள். ‘என்று வைத்துக்கொண்டால்’ என்பதை விட்டுவிட்டால் வாக்கியமே கெட்டுவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் துறை பட்டுத் தெரிந்துகொண்டது. 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் உளவியல் ஆய்வுகள் 100-ஐத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவை, அதாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழான முடிவை, காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் காட்டின.

என்னைப் போல் பல மொழிகளுக்கு நடுவே படிப்பவர்களுக்கு ஒரு சொல். கலைச்சொல்லை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யும் முன், அதை உங்கள் வீட்டு மொழியில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். நம்பகத்தன்மையை நான் காய்கறிச் சந்தைத் தராசை வைத்துச் சொன்னேன். ஒரே பூசணியை மூன்று முறை வைத்தாலும் ஒரே எடை காட்டினால் நம்பகம். மூன்று முறையும் ஒரே மாதிரி அரைக் கிலோ கூட்டிக் காட்டினால்? நம்பகம் இருக்கிறது; அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கும் ஏற்புடைமை இல்லை. தேர்வில் அதே பூசணியை ஆங்கிலத்தில் எழுதினேன்.

இரண்டாம் முறை உட்கார்ந்தபோது கடைசிக் கேள்வி 20 மதிப்பெண்: உணவைக் குறைத்தால் கோபம் குறையுமா என்று அறிய ஓர் ஆய்வை வடிவமைக்கவும். பக்கத்து மேசையில் இருந்தவர் உடனே எழுத ஆரம்பித்துவிட்டார். நான் ஓரத்தில் இரண்டு பெட்டிகள் வரைந்தேன். பட்டினி இரு என்று யாரிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, யார் சம்மதித்து வருவார், சம்மதித்தபின் பாதியில் விலக நினைத்தால் என்ன செய்வேன் என்று எழுதினேன். கோபத்தை அவரிடமே கேட்பதா, பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதா என்பதற்கு ஒரு வரி. அதன் பிறகுதான் முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன். கடிகாரத்தில் 25 நிமிடம் மீதி இருந்தது.