சோப்புப் போட்டும் ஏறாத வளையல்

எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்த நாலாம் வருஷம் எனக்குக் கல்யாணம். குழந்தைப் பேச்சை எடுத்ததுமே மூட்டுவாத டாக்டர் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார். கருவைக் கெடுக்கும் மாத்திரை. நிறுத்தி மூணு மாசம் போகணும் என்றார். பதிலுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன். அந்த மூணு மாசமும் காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். குக்கர் மூடியைக் கணவர்தான் திறந்து தருவார்.

கர்ப்பமாகி நாலாம் மாசம், சேலைக்கு நானே பின் குத்தினேன். குத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, வலிக்கவே இல்லை. கல்யாணத்தன்று சோப்புப் போட்டும் மணிக்கட்டைத் தாண்டாத கண்ணாடி வளையல், வளைகாப்பில் சரசரவென்று ஏறியது. "பிள்ளை வந்த ராசி" என்றார் அத்தை.

டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1938-லேயே இதை எழுதியிருக்கிறாராம். இந்த நிவாரணத்துக்குக் காரணம் தேடிப் போய்த்தான் 1948-ல் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார். 1950-ல் நோபல் பரிசு. பாதி அப்பாவுடையதான குழந்தையை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியாகணும். கர்ப்பத்தில் ஏறிக்கொண்டே போகும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த லூபஸ் பெண்ணுக்குக் கதையே வேறு. லூபஸிலும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும்; பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்களாக இருக்கும் நோய் அது. கர்ப்பத்தில் சீறவும் செய்யும். ஆறு மாசம் நோய் அடங்கியிருந்தால்தான் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கே அது அதிகம் வர ஹார்மோன் மட்டும் காரணமில்லை, பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதும் சேர்த்தி என்றார் டாக்டர்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வலிதான் இல்லையே என்று எட்டாம் மாசம் நானாகவே மாத்திரைகளை விட்டுவிட்டேன்.

பிரசவமான சில நாளிலேயே அந்த ஹார்மோன்கள் சரிந்துவிடும். பால் கொடுக்கும்போதெல்லாம் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி மறுபடி விழித்துக்கொள்ளும். ஆறாவது வாரம், குழந்தையின் ஜப்லா கயிற்றில் முடிச்சுப் போட முடியாமல் உட்கார்ந்து அழுதேன். "பச்சை உடம்பு, தண்ணியில கை வெச்சிருப்ப" என்றார் அம்மா. பக்கத்துக் கிளினிக்கில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வாரம் அதிலேயே போனது. பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் வலிப்பது எல்லாத் தாய்மாருக்கும் வரும். எனக்கோ இரண்டு கை விரல் முட்டிகளும் வீங்கியிருந்தன. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை அளவும் எகிறியிருந்தது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே போனேன். சொல்லவில்லை. குறைந்த அளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் பழைய இரண்டு மாத்திரைகளும் பால் கொடுக்கும்போது சாப்பிடலாமாம். மெத்தோட்ரெக்சேட் மட்டும் கூடாது. மடியில் இரண்டு தலையணை வைத்து, அம்மா எடுத்துத் தர, பாலூட்டினேன்.

பால் மறக்கடித்த பிறகு, இப்போது ஞாயிறு ராத்திரிகளில் மறுபடி மெத்தோட்ரெக்சேட். "ரெண்டாவது எப்போ?" என்கிறார் அத்தை.

"மூணு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க அத்தை" என்றேன்.