தேட ஆள் சேர்ப்பது மட்டும் போதாது

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் பயம் கூடிவிடும். எஞ்சின் நின்றுபோன படகை அந்தக் காற்று கரைக்கு விடாது, கிழக்கே ஆழக்கடலுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும். படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் மீனவர் சங்கத்தில் ஆட்கள் கூடுவார்கள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், டீசலுக்குக் காசு சேரும், அதற்குள் பேஸ்புக்கில் படம் எங்கெங்கோ போயிருக்கும். ஆட்களைக் கூட்டுவதில் எங்கள் ஊர்கள் சளைத்தவை அல்ல. கூடிய பிறகு யார் சொல்வதைக் கேட்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஜேன் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி வாசித்ததில் இருந்து இந்தக் கவலை கூடிவிட்டது. அவருடைய கணவர் ஜோன் பிராங்க்ளின் 1845 மே மாதம் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு வட துருவக் கடல் வழியாகப் பாதை தேடிப் போனார். 129 பேர் திரும்பவே இல்லை. ஜேன் அம்மா அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. கடற்படைத் தலைமையகத்தை விடாமல் நெருக்கினார், தன் சொந்தக் காசில் பரிசு அறிவித்தார், திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களைத் தேடிப்போய்ப் பேசினார், 1849இல் அமெரிக்க ஜனாதிபதி டெய்லருக்கே கடிதம் எழுதினார். அடுத்த வருடம் நியூயோர்க் வணிகர் ஹென்றி கிரின்னல் இரண்டு கப்பல்களைக் கொடுத்தார், பிரிட்டிஷ் அரசும் 20,000 பவுண் பரிசு அறிவித்தது. இன்டர்நெட் இல்லாத காலத்தில் ஒரு பெண் தனியாக நின்று இரண்டு நாட்டு மக்களைத் தன் பக்கம் திருப்பியிருக்கிறார், எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் தேடப் போன கப்பல்களில் பெரும்பாலானவை வடக்கே வடக்கே தேடின. தொலைந்தவர்கள் தெற்கே, கிங் வில்லியம் தீவுப் பக்கம் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை நேரில் கண்டவர்கள் அங்கேயே வாழ்ந்த இனுயிட் மக்கள். 1854இல் ஜோன் ரே என்ற ஆய்வுப் பயணி அவர்களிடம் விசாரித்து, பசியால் செத்த வெள்ளைக்காரர்களைப் பற்றிய செய்தியையும் அவர்கள் விட்டுப்போன சாமான்களையும் கொண்டுவந்தார். பட்டினியில் மனித இறைச்சி தின்றார்கள் என்பதும் அந்தச் செய்தியில் இருந்ததால் இங்கிலாந்தே கொதித்தது, ஜேன் அம்மாவாலும் அதைத் தாங்க முடியவில்லை, நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இனுயிட் மக்களின் பேச்சை நம்ப முடியாது என்று எழுதினார். ஒரு மனைவியின் வலி எனக்குப் புரிகிறது, டிக்கன்ஸை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

அரசு கைவிட்ட பிறகு ஜேன் அம்மா 1857இல் ஃபொக்ஸ் என்ற சிறிய கப்பலை வாங்கி, பொதுமக்கள் கொடுத்த பணத்தையும் சேர்த்து மெக்ளின்டொக் என்ற கடற்படை அதிகாரியை அனுப்பினார். 1859இல்தான் கிங் வில்லியம் தீவில் தொலைந்தவர்கள் எழுதிவைத்த கடதாசி ஒன்று கிடைத்தது: பிராங்க்ளின் 1847 ஜூன் 11இலேயே இறந்துவிட்டார். எரெபஸ் 2014இல், டெரர் 2016இல் கண்டுபிடிக்கப்பட்டன. டெரரைக் கண்டுபிடிக்க உதவியது, பனிக்கு மேலே பாய்மரம் போன்ற ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பல வருடங்களுக்கு முன் பார்த்திருந்த ஓர் இனுயிட் மனிதர் சொன்ன தகவல்.

நவீன வசதி வந்தாலும் இதே கதைதான். 2007இல் அமெரிக்காவின் நெவாடாவில் இருந்து பறந்து விமானத்தோடு காணாமல் போன சாகச விமானி ஸ்டீவ் பொசெட்டை ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருந்தே செய்மதிப் படங்களில் தேடினார்கள். அடுத்த வருடம் கலிபோர்னியா மலையில் நடந்துபோன ஒருவர் கையில்தான் அவருடைய அடையாள அட்டைகள் கிடைத்தன, விமானமும் அப்புறம்தான் அகப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன், படகு தவறினால் படத்தைப் பகிருங்கள், காசு சேருங்கள், கடற்றொழில் திணைக்களத்துக்கும் கடற்படைக்கும் உடனே சொல்லுங்கள், ஆனால் முதல் கதிரையை அந்தக் கடலில் வலை போட்ட கிழவருக்குக் கொடுங்கள். எந்தப் பக்கம் நீரோட்டம், காணாமல் போனவன் எந்த இடத்தில் வலை விடுவான், எத்தனை கான் தண்ணீர் கொண்டுபோனான் என்பதெல்லாம் அவருக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும்தான் தெரியும். சங்கத்தில் ஒரு கொப்பி வைத்து அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, படகின் இலக்கம், நிறம், கடைசியாகக் கண்டவர், கண்ட நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்து, தேடப் போகிறவர்களின் கையில் கொடுங்கள். பேஸ்புக்கில் போடுகிறவர்கள் திகதியையும் போடுங்கள், ஆள் கரை சேர்ந்ததும் பழைய பதிவை எடுத்துவிடுங்கள்.