தசாவதாரத்தை டார்வினிடம் அடகு வைக்க வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை மெட்ரிக் (12ஆம்) வகுப்புக்கு வந்துவிட்டால் வீட்டில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது எழும். ஆப்பிரிக்காவில் கிடைத்த ஆதிமனிதப் புதைபடிவங்களின் பெயர்களைப் பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். ஞானஸ்நானம் எடுத்த சித்தி, "நாம ஆதாம் வழி வந்தவங்க, குரங்கு வழி இல்லை" என்பார். காவடி எடுக்கும் மாமா, "இதெல்லாம் நம்ம பெரியவங்க என்னைக்கோ சொன்னதுதான், மச்சாவதாரத்தைப் பாரு" என்பார். சித்தி பரிணாமத்தைத் தள்ளிவைக்கிறார், மாமா அள்ளி அணைத்துக்கொள்கிறார். என் பார்வையில் இருவரில் மாமா சொல்வதைத்தான் முதலில் திருத்த வேண்டும். அது சமரசம் மாதிரித் தெரிகிற குழப்பம்.

நிறவெறி ஆட்சிக் காலப் பள்ளிகளில் பரிணாமத்துக்கு இடம் இருக்கவில்லை. 12ஆம் வகுப்புப் பாடத்தில் அது நுழைந்ததே 2008இல்தான். அதனால் இன்றைய பெற்றோர் பலர் இதைப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. கோவிலிலும் சபையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டதுதான் அவர்களுக்குத் தெரியும்.

தசாவதாரத்துக்கு வருவோம். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று நீரிலிருந்து நிலத்துக்கு, விலங்கிலிருந்து மனிதனுக்கு ஏறுவது போலத் தோன்றும். ஆனால் பரிணாமம் ஏணி அல்ல, கிளைவிடும் மரம். நமக்கு மீன் முன்னோர் உண்டு, அதுவரை சரி. ஆமை நம் முன்னோர் அல்ல, அது ஊர்வன வழியில் தனியே பிரிந்துபோன கிளை. பன்றியும் நாமும் பாலூட்டிகள், ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். பன்றியிலிருந்து நாம் வரவில்லை. நரசிம்மத்துக்கு ஈடான உயிரினம் எந்தப் பாறையிலும் கிடைக்கப்போவதில்லை. வாமனன் முதல் கல்கி வரை ஆறு அவதாரமும் மனித வடிவம், ஆகவே பட்டியலில் பாதிக்கு மேல் பரிணாமமே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓர் அவதாரம் இன்னொன்றைப் பெற்றெடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இறைவனே இறங்கி வருகிறான். மரபுவழி இல்லாத இடத்தில் பரிணாமம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சைவர்கள் சிவபுராணத்தை எடுப்பார்கள். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்பதைக் கேட்டதும் டார்வின் நினைவு வருவது இயல்புதான். வரிசையைத் தொடர்ந்து பாடிப் பாருங்கள்: விருகம் (விலங்கு), பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள். பாம்புக்குப் பிறகு கல், மனிதருக்குப் பிறகு பேய். மாணிக்கவாசகர் உயிரினங்கள் தோன்றிய காலவரிசை எழுதவில்லை. ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்ததைப் பாடுகிறார். பரிணாமத்தில் தனி உயிர் மாறுவதே இல்லை. ஒரு கூட்டத்தில் எந்தப் பண்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறுகிறது.

இப்போது சித்தியின் பக்கம். 1650இல் அயர்லாந்துப் பேராயர் அஷர் பைபிள் வம்சாவளிகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாகக் கணக்கிட்டார். இன்றைக்கும் பிரசங்கங்களில் கேட்கிற 6,000 ஆண்டு அங்கிருந்து வருவது. கூடவே வரும் வாதம், "கார்பன் டேட்டிங் தப்பு." கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு, சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இந்த நாட்டின் ஆதிமனித எலும்புகளின் வயதை அதை வைத்து யாரும் கணிப்பதில்லை. ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே மாலாப்பாவில் 2008இல் கிடைத்த செடிபா என்ற ஆதிமனித இனத்தின் எலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். குகையில் சொட்டும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவில் யுரேனியம் கொஞ்சம் இருக்கும், ஈயம் ஏறக்குறைய இருக்காது. யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாகச் சிதைகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் படிவம் எப்போது உருவானது என்று தெரியும். அதோடு பூமியின் காந்தப்புலம் திசை மாறிய காலங்கள் வண்டலில் பதிந்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். சுமார் 19.8 லட்சம் ஆண்டு என்று வந்தது. இதை மறுக்க விரும்புகிறவர் இந்த முறைகளை மறுக்க வேண்டும். கார்பனைத் திட்டிப் பயனில்லை.

"அப்படியானால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" சித்தப்பா பிள்ளைகள் உயிரோடு இருப்பதால் உங்கள் தாத்தா பொய்யாகிவிடுவாரா? நாம் சிம்பன்சியிலிருந்து வரவில்லை, இருவருக்கும் பொதுவான மூதாதையிலிருந்து வந்தோம்.

எலும்பில் இதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு 1924இல் டாவுங் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த குழந்தை மண்டையோடு நல்ல பாடம். கீழே திருப்பிப் பார்த்தால் தண்டுவடம் இறங்கும் பெரிய துளை தெரியும். வளர்ந்த சிம்பன்சிக்கு அது பின்பக்கம் தள்ளி இருக்கும், ஏனென்றால் தலை முதுகெலும்புக்கு முன்னால் தொங்குகிறது. நமக்கு அடியில் நடுவே, தலை முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டாவுங் குழந்தைக்குத் துளை முன்தள்ளி இருந்தது, மூளையோ சிறியது. அதாவது முதலில் நிமிர்ந்து நடந்தோம், மூளை பிறகுதான் பெருத்தது. அதை ஆராய்ந்த உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட் 1925இல் இதைச் சொன்னபோது லண்டன் நிபுணர்கள் ஏற்கவில்லை. பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட, இங்கிலாந்தின் பில்ட்டவுன் மண்டையோட்டை அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது மோசடி என்று 1953இல் வெளியானது.

பழங்கதை வேண்டாம் என்றால் குவாசுலு-நட்டாலின் காசநோயைப் பாருங்கள். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய 10 கோடியில் ஒன்று தற்செயலாகத் தோன்றும், ஐசோனியாசிட் என்ற இன்னொரு மருந்துக்கு 10 லட்சத்தில் ஒன்று. இரண்டுக்கும் சேர்ந்து அடங்காதது 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஒரு நுரையீரலில் இருக்காது. அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் சாகாமல் மிச்சமிருக்கும் கிருமிதான் பெருகும். மருந்து அந்தக் கிருமியை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பொறுக்கி எடுத்தது. இது முற்றினால் என்ன ஆகும் என்பதை 2006இல் அதே மாகாணத்தின் டுகேலா ஃபெரி ஊரிலிருந்து வந்த செய்தி காட்டியது: பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். பூசாரியும் போதகரும் "மாத்திரையை முழுசா சாப்பிடுங்க" என்று சொல்லும்போது அவர்கள் டார்வினைத்தான் சொல்கிறார்கள்.

சரி, சமய நம்பிக்கையும் பரிணாமமும் ஒத்துப்போகுமா? பெரும்பாலும் போகும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. மிஸஸ் பிளெஸ் என்று அழைக்கப்படும் ஆதிமனித மண்டையோட்டை 1947இல் கண்டெடுத்த ராபர்ட் புரூம் பரிணாமத்தில் ஊறியவர், அதன் பின்னால் ஆன்மிக சக்திகள் இருப்பதாகவும் நம்பியவர். கத்தோலிக்கத் திருச்சபைக்கு உடலின் பரிணாமம் தடையில்லை. ஆனால் பூர்வ பாவம் ஒரே தம்பதியிடமிருந்து வந்தது என்று கொள்கிறவர்களுக்குச் சிக்கல் நிஜமானது. மனித மூதாதையர் கூட்டம் எந்தக் கட்டத்திலும் இரண்டு பேராகக் குறையவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தது என்றே மரபணு காட்டுகிறது.

சைவ சித்தாந்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. உயிர் அநாதி, அதை யாரும் படைக்கவில்லை. விலங்குக்கும் உயிர் உண்டு, ஆகவே எந்த எலும்போடு ஆன்மா தொடங்கியது என்று கேட்க வேண்டியதில்லை. யுகக் கணக்கு கோடிகளில் ஓடுவதால் பாறையின் வயதும் உறுத்தாது. உறுத்துவது வேறு இடத்தில். தனு, கரண, புவன, போகம் (உடல், மனம் முதலிய கருவிகள், உலகம், அனுபவம்) நான்கையும் வினைக்கேற்ப இறைவன் தருகிறான் என்பது சித்தாந்தம். பிள்ளையின் உடல் பெற்றோரின் மரபணுவிலிருந்தும் தற்செயல் மாற்றத்திலிருந்தும் வருகிறது என்பது உயிரியல். பரம்பரை நோயோடு ஒரு குழந்தை பிறந்தால் இரண்டு விளக்கமும் ஒரே கட்டிலருகே வந்து நிற்கின்றன. தற்செயலுக்குள்ளும் வினை இயங்கலாம் என்று ஒருவர் கொள்ளலாம். எந்தச் சோதனையும் அதைப் பொய்யாக்காது, மெய்யாக்கவும் செய்யாது. ஆனால் "போன ஜென்மத்துப் பாவம்" என்று தாயிடம் சொல்லிவிட்டு மரபியல் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது சித்தாந்தம் இல்லை, கொடுமை.

பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ஒரு குறிப்பு. இயற்கைத் தேர்வைக் கேட்டால் ஒட்டகச்சிவிங்கி "எட்டி எட்டி" கழுத்தை நீட்டியது என்று எழுதாதீர்கள், அது டார்வினுக்கு முன் லாமார்க் சொன்ன கருத்து. கூட்டத்தில் வேறுபாடு இருந்தது, சூழல் நெருக்கியது, பொருந்திய பண்புடையவை பிழைத்து இனம் பெருக்கின, அந்தப் பண்பு அடுத்த தலைமுறைக்குப் போனது, அதன் விகிதம் கூடியது. இந்த வரிசையில், கேள்வியில் தரப்பட்ட விலங்கின் பெயரையும் பண்பையும் சேர்த்தே எழுதுங்கள். பொதுப்படையாக எழுதினால் மதிப்பெண் குறையும். கடவுள் உண்டா என்று அந்தத் தாளில் யாரும் கேட்பதில்லை.