கோயம்புத்தூரில் ஓர் அட்மின்

பள்ளிக்கரணையில் 64 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பால் எங்கே கிடைக்கும், எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்தான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆனது. அதைத் தொடங்கிய பேங்க் சார், பின்னாளில் வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். குரூப்பை விட்டு மட்டும் போகவில்லை. தினமும் ஐந்தரைக்கு ஒரு ரோஜாவோடு குட்மார்னிங்.

போன மே மாதம் சண்டை வந்தது. கேட் நோட்டில் 14 தண்ணீர் லாரி, கணக்கில் 17 லாரி என்று ஒருவர் இரண்டையும் போட்டோ எடுத்துப் போட்டார். பத்தே நிமிடத்தில் பதிவைக் காணோம். அழித்தது சங்கச் செயலாளர் என்று பெயரோடு காட்டியது. அன்று இரவே பேங்க் சார் செயலாளரின் அட்மின் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார். “வீட்டை வித்துட்டுப் போனவருக்கு இங்க என்ன வேலை?” என்று செயலாளர் குதித்தார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை.

மிச்சமிருந்த ஒரே அட்மின் நான். பேங்க் சாரை நீக்கு என்றார்கள். குரூப்பைத் தொடங்கியவரை மற்ற அட்மின்கள் நீக்கவே முடியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சங்கத்தின் பைலாவைப் புரட்டினால், வாட்ஸ்அப் பற்றி ஒரு வரி இல்லை. அவதூறு வந்தால் அட்மின்தானே உள்ளே போகணும், அதனால்தான் அழித்தேன் என்றார் செயலாளர். அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் மேல் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டதை பி பிளாக் வக்கீலம்மா எடுத்துக் காட்டினார். அந்த வாதம் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பொதுக்குழு. வந்தது 23 பேர். குட்மார்னிங் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே அரை மணி நேரம் போனது. அப்புறம் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினோம்: சங்கத்துக்குத் தனி குரூப், பொறுப்பில் இருப்பவர்களே அட்மின், தேர்தல் முடிந்தால் கைமாறும், எதையும் அழிக்க இருவர் ஒப்ப வேண்டும், காரணத்தையும் போட வேண்டும், கணக்குக் கேட்டு வரும் பதிவை மட்டும் யாரும் அழிக்கவே கூடாது. இந்தக் கடைசி வரிக்குச் செயலாளர் கையெழுத்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

கோயம்புத்தூருக்கு நான்தான் போன் செய்தேன். “அட்மின் எல்லாம் எதுக்குப்பா எனக்கு? காலையில எழுந்து அந்தக் குரூப்பைத்தான் பாக்கறேன். வெளிய போகச் சொல்றியா?” என்றார். “இல்ல சார், பழைய குரூப் உங்களோடதுதான்” என்றேன். இப்போது அதில் அரட்டை, வேலைக்கு ஆள், மாடித்தோட்டக் கீரை.

அந்த மூன்று லாரி? வாட்ச்மேன் லீவில் இருந்த இரவுகளில் வந்தவை. ரசீதுகள் செயலாளர் வீட்டு அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன.