மின்சாரக் காரில் திருகோணமலை: சார்ஜ் எங்கே, எப்படி

சார்ஜ் நிலையங்களைக் காட்டும் ஆப்பில் திருகோணமலைக்கு மேல் பச்சைப் புள்ளி தெரிகிறது என்று பற்றரியைக் காலியாக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கே தொங்கும் கன் (காரில் செருகும் கைப்பிடி) உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃபுக்கு வேகச் சார்ஜுக்கு சாடெமோ என்ற வகைக் கன், மெதுவான சார்ஜுக்கு டைப் 1. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீளத் திறந்தபின் முகவர்கள் கொண்டுவந்த பிவைடி கார்களுக்கு வேகச் சார்ஜுக்கு சிசிஎஸ் 2, மெதுவான சார்ஜுக்கு டைப் 2. மெதுவான சார்ஜ் தூணில் வயர் இல்லாமல் டைப் 2 துளை மட்டும் இருந்தால், லீஃப் வைத்திருப்பவர் டைப் 1 – டைப் 2 வயரைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

கொழும்பில் ஒரு மெஷின் படுத்தால் பக்கத்தில் இன்னொன்று கிடைக்கும். திருகோணமலையில் அப்படியில்லை: இங்கிருந்து ஏ 6 வீதியில் கந்தளாய் ஏறக்குறைய 40 கிலோமீற்றர், ஹபரணை 85. பற்றரியில் மிஞ்சிய கொள்ளளவைக் காட்டும் பட்டை 12இலிருந்து 9க்கு இறங்கிய 24 யூனிற் பற்றரி லீஃபில் பாவிக்கக் கூடியது 15 யூனிற் அளவுதான். ஏசி போட்டு யூனிற்றுக்கு 6 கிலோமீற்றர் ஓடினால் மொத்தம் 90. ஹபரணை வரை ஓட அது மட்டுமட்டு. அப்படியான கார் முழுதாக நிரம்பாமல் இங்கிருந்து கிளம்பக் கூடாது.

வேகச் சார்ஜர் நிற்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். கறண்ட் போய் வந்தபின் பிரேக்கர் விழுந்தபடி கிடக்கும், தூக்கிவிட இடத்துக்காரர் வேண்டும். வரமுதல் ஒரு போன் எடுங்கள். கன்னுக்குள் ஈரமோ கடற்காற்றின் உப்போ படிந்திருந்தால், தொடங்கமுன் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனையிலேயே நின்றுவிடும். காரின் 12 வோல்ற் பற்றரி சோர்ந்திருந்தாலும் மெஷினும் காரும் பேசிக்கொள்ளாது, பழியை மெஷின்தான் சுமக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலில் நெடுந்தூரம் ஓடிவந்து லீஃபை வேகச் சார்ஜில் போட்டால் ஆமை வேகம்தான். அதன் பற்றரியைக் குளிர்விக்க எந்த ஏற்பாடும் இல்லை.

ஆகவே உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்குபவருக்கு இரவுச் சார்ஜ்தான் நம்பிக்கையானது. ஆனால் பிளக்கில் கவனம். லீஃபோடு வந்த ஜப்பான் வயர் 200 வோல்ற், 15 அம்பியருக்கு ஆனது. அதன் பிளக்கை மாற்றி 13 அம்பியர் பொயின்ற்றில் செருகினால், மணிக்கணக்காக 14 அம்பியருக்கு மேல் இழுத்து பிளக்கை உருக்கிவிடும். 13 அம்பியர் பொயின்ற் என்றால் 10 அம்பியருக்கு மட்டுப்படுத்திய வயர்தான் சரி. 40 யூனிற் லீஃபை 20 வீதத்திலிருந்து 80க்கு ஏற்ற அதில் சுமார் 12 மணித்தியாலம் பிடிக்கும்.

விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் நீல நிற 16 அம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கற் ஒன்றைத் தனி லைனில் வையுங்கள்: 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ஏ வகை ட்ரிப் சுவிச், சரியான எர்த். ஜப்பான் வயரின் பிளக்கையும் இதற்குப் பொருந்தும் ஆண் பிளக்காக மாற்றிவிடலாம். அதே 60 வீதத்துக்கு இப்போது 8 மணித்தியாலம் போதும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் காருக்கு 14, கேத்தலுக்கு 9, அறை ஏசிக்கு 5 என்று சேர்ந்தால் 28 ஆகிவிடும். தண்ணீர் மோட்டரையும் போட்டால் மெயின் விழும். இரவு 10.30க்குப் பிறகு சார்ஜைத் தொடங்கும்படி காரில் ரைமர் வைத்தால் அந்த நெரிசல் இல்லை, 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரமும் கடந்துவிடும்.

புதிய இடத்தில் செருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் முதலில் காரில் சார்ஜை நிறுத்திவிட்டு, அதன்பின் பிளக்கைக் கழற்றுங்கள்.