பெங்களூரில் பார்த்த இரண்டு தூக்கங்கள்

கப்பன் பார்க் போனால், வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று பாருங்கள். சிற்றிலைகள் சோடி சோடியாக மடியும். ஒவ்வொரு காம்படியிலும் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறி மறுபக்கத்துச் செல்கள் உப்பும்போது இலை மடங்குகிறது. மேகம் கூடினாலும் மடியும். அங்கே சுண்டல் விற்ற வேலூர்க்கார அம்மா, "மழை வர்றத நமக்கு முன்னாடி அது சொல்லிடும் தம்பி" என்றார்.

மறுநாள் காலை சர்ஜாபூர் சாலைப் பக்கம், அக்கா வீட்டுக்கு அருகில் இருக்கும் ஏரிக்குப் போனோம். கரையோரச் சேற்றில் நத்தைக்குத்தி நாரை ஒன்று அலகால் துழாவிக்கொண்டிருந்தது. அது தேடுவது நம் வயல்களில் கிடக்கும் அதே பெரிய நத்தையைத்தான். அந்த நத்தைக்கு வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல் போன்ற ஒரு பை. தண்ணீரிலும் மூச்சு விடும், காற்றிலும் விடும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, சுண்ணாம்பு மூடியால் ஓட்டின் வாயைச் சம்புடம் போல அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை மாதக்கணக்கில் கிடக்கும்.

மரத்தின் தூக்கம் ஒரு ராத்திரிக்கு. விடிந்தால் இலை விரிந்துவிடும். நத்தையினுடையது உயிரைப் பிடித்துவைக்கிற தூக்கம். என்னைக் கேட்டால் நத்தைதான் பெரிய ஆள்.

ஆனால் இந்த ஊரில் மதிப்பு மரத்துக்குத்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், 1870-இல் உருவான இந்தப் பூங்காவில் குடை விரித்து நிற்கிறது. வெட்ட வந்தால் குரல் கொடுக்க ஆள் உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். நத்தைக்கு அப்படி யாரும் இல்லை. அது முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, நீர்மட்டத்துக்கு மேலே, கரையின் ஈரமண்ணில். நாங்கள் போன ஏரியிலோ பாதிக் கரைக்கு மேல் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கும் வைத்திருந்தார்கள். நடக்க வசதிதான். ஆனால் கல்லில் நத்தை எப்படிக் குழி பறிக்கும்? ஏரியை அழகுபடுத்துகிறவர்கள் ஒரு பக்கக் கரையையாவது மண்ணாகவே விட வேண்டும். நாரை நின்றதும் மண்கரைப் பக்கம்தான்.

போகிறவர்களுக்கு: மரத்தடிக்குக் கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். நத்தை பார்க்க ஜூன் மழைக்கு அப்புறம் போங்கள், அதுவும் காலையில். மண்கரையில் கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள், அடியில் முட்டை இருக்கலாம்.