ஏர்போர்ட் பக்கம்தான் சார்!

மகளுக்குப் பேறுகாலம். சிகாகோவில் இருக்கிறாள். நானும் வீட்டம்மாவும் கிளம்ப வேண்டும். மருமகன் டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து சிகாகோ. வியாழக்கிழமை அதிகாலை 1.50-க்கு விமானம்.

இந்த அதிகாலை விமானத்தைப் போல ஆளை ஏமாற்றுகிற சங்கதி வேறு கிடையாது. சீட்டில் வியாழன் என்று இருக்கும். ஆனால் புதன் ராத்திரியே போய் வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இதை வியாழக்கிழமை ராத்திரி என்று எடுத்துக்கொண்டார். தெருவே சேர்ந்து சால்வை போர்த்தி வழியனுப்ப, அவர் மீனம்பாக்கம் போய் இறங்கியபோது விமானம் கிளம்பி முழுசாக ஒரு நாள் ஆகப்போகிறது. அந்தச் சால்வையை அவர் இன்றைக்கும் வெளியில் எடுப்பதில்லை. அதனால் மகள் ஐந்து தடவை சொல்லிவிட்டாள்: "அப்பா, புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் ஏர்போர்ட். வியாழக்கிழமைன்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துருங்க."

நாங்கள் கல்லிடைக்குறிச்சிக்காரர்கள். திருநெல்வேலி போய் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் சென்னை. புதன் காலையில் போய் இறங்கி, புதன் ராத்திரி பறந்துவிடலாம் என்பது என் கணக்கு. வீட்டம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ரயில் தாமதமானால் என்ன செய்வது? தி.நகரில் பிள்ளைக்கு நாலு பருத்திச் சட்டை வாங்க வேண்டாமா? திருவல்லிக்கேணிப் பெருமாளைச் சேவிக்காமல் கடல் தாண்டுவதா? ஆகச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய்ச் சேருவது என்று முடிவாயிற்று. சரி, எங்கே தங்குவது?

ஓட்டல் என்று வாயைத் திறந்ததும் சென்னைச் சொந்தங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் ஆவடி மைத்துனன். "என்ன அத்தான், நாங்க இல்லையா? ஆவடியில இருந்து ஏர்போர்ட் பக்கம்தான். பைபாஸ் ஏறினா முக்கால் மணி நேரம்." அடுத்து மாதவரம் சகலை. "அங்க எதுக்குப் போறீங்க? மாதவரம்தான் பக்கம். மெட்ரோ வேற வருது." எப்போது வருகிறது என்று கேட்டேன். "வேலை நடந்துக்கிட்டு இருக்கு" என்றார். என் சித்தப்பா மகன் மட்டும் நிஜமாகவே பக்கத்தில், பெருங்களத்தூரில் இருக்கிறான். ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்களிடம் ஆளுக்கு இரண்டாக நாலு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. மொத்தம் 92 கிலோ. அதில் பாதி அப்பளமும் பேறுகால மருந்தும். அவனுக்கும் எனக்கும் முதுகு ஒரே பாட்டன் வழி வந்தது. யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பக்கம் என்றால் திண்ணையில் இருந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். சென்னையில் பக்கம் என்றால் அதே மாவட்டத்துக்குள்ளோ, ஒட்டிய மாவட்டத்துக்குள்ளோ இருந்தால் போதும் போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த சென்னை, எழும்பூரும் திருவல்லிக்கேணியும்தான். எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கென்னத் லேன் முழுக்க லாட்ஜ். தெற்கத்திக்காரன் அங்கே தங்காமல் ஊர் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மெட்ரோவும் வாசலிலேயே இருக்கிறது; ஆலந்தூரில் மாறினால் ஏர்போர்ட். இதைச் சொன்னேன். "92 கிலோவைத் தூக்கிக்கிட்டு ஆலந்தூர்ல நீங்க மாறுவீங்களா?" என்றாள் வீட்டம்மா. திருவல்லிக்கேணியில் வேலை தேடிய காலத்தில் நான் மூன்று மாதம் கிடந்த மேன்ஷனைப் பற்றியும் கொஞ்சம் உருக்கமாகப் பேசிப் பார்த்தேன். "அங்க பொம்பளைங்களை உள்ள விடுவாங்களா?" என்று ஒரே கேள்வி. அந்த மேன்ஷனில் நாங்கள் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டிருந்த உருப்படிகளை நினைத்துப் பார்த்து நானே பேச்சை மாற்றினேன்.

கடைசியில் மகள்தான் வழி சொன்னாள். "ஏர்போர்ட் பக்கத்துலயே ரூம் போட்டுருங்கப்பா. போன்ல ஆப் இருக்கு. தூரம் வாரியா அதுவே வரிசைப்படுத்திக் காட்டும்."

போட்டேன். காட்டியது. ஏர்போர்ட்டிலிருந்து 2.4 கிலோமீட்டர், கொளப்பாக்கம். ஏசி அறை, வெந்நீர், நாளொன்றுக்கு 2,200 ரூபாய். ஜி.எஸ்.டி. சாலையில் ஏர்போர்ட்டுக்கு எதிரில் இருந்ததெல்லாம் அதைப்போல இரண்டு மடங்கு கேட்டது. நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன். 2.4 கிலோமீட்டர் என்றால் வேண்டுமானால் நடந்தே போய்விடலாம் என்று வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதை அவள் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஏர்போர்ட்டை ஒட்டி அடையாறு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுதளம் முழுக்கத் தண்ணீர் நின்று, விமான நிலையத்தையே சில நாள் மூடியதை டிவியில் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் அந்த ஆறு எங்கள் ஓட்டலுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது என்பது உறைக்கவில்லை. ஆப்புக்கு ஆறெல்லாம் கணக்கில்லை. இந்தப் புள்ளியில் இருந்து அந்தப் புள்ளிக்கு நூல் பிடித்து அளந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் இறங்கினோம். வண்டி நிற்கிற நேரத்தில் நாலு பெட்டியையும், ஒரு தூக்குவாளியையும், வீட்டம்மாவையும் இறக்கியது தனிக் கதை. வாடகைக் கார் வந்தது. டிரைவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே பாதி இடத்தில் கேஸ் சிலிண்டர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. மிச்ச இடத்தில் ஒரு பெட்டி. முன்சீட்டில் ஒன்று, பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்று, என் மடியில் ஒன்று. பல்லாவரத்தில் இடது பக்கம் திரும்பி, பம்மல், அனகாபுத்தூர் என்று போய் ஆற்றைத் தாண்டினோம். பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் இதில் எதையும் நான் பார்க்கவில்லை. வீட்டம்மாதான் அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "ஏங்க, நாம ஏர்போர்ட்டை விட்டு விலகிப் போற மாதிரில்ல இருக்கு?"

ஓட்டல் வாசலில் பச்சை விளக்குப் பலகை. அதில் கடைசி எழுத்து மட்டும் எரியவில்லை. மணி எட்டுதான் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் அறை, அதற்கு முன்னால் வேண்டுமென்றால் அரை நாள் வாடகை என்றார் மேனேஜர். சரி, புதன் ராத்திரி ஒன்பதுக்கே காலி செய்கிறோமே, அதில் ஏதாவது கழிப்பீர்களா என்றேன். "இல்ல சார், வியாழன் காலை 11 வரைக்கும் நீங்க தாராளமா இருக்கலாம்" என்றார். வியாழன் காலை 11-க்கு நான் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் எங்கேயோ இருப்பேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு ராத்திரி வாடகை, ஒரு ராத்திரித் தூக்கம். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு வவுச்சரை நான் பாஸ் பண்ணியதே இல்லை.

"ஏர்போர்ட் பக்கம்தானே?" என்று ஓர் ஆறுதலுக்குக் கேட்டேன்.

"மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க சார். நல்லாத் தெரியும்."

தெரிந்தது. அதில் பொய்யே இல்லை. அன்று ராத்திரி தி.நகர் போய்த் திரும்பிய பிறகு மாடிக்குப் போனோம். (தி.நகர் போனதையும் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலை ஸ்டேஷன் வரைக்கும் காருக்கு 280 ரூபாய், அங்கிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் 5 ரூபாய். ரங்கநாதன் தெருவில் வீட்டம்மா வாங்கிய பருத்திச் சட்டைகளில் ஒன்றின் விலை, காருக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு.) துணி காயப்போடும் கம்பிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் போய் நின்று பார்த்தால், இருட்டான ஒரு பரப்பு. அதுதான் ஆறும் அதன் கரையும். அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக விளக்குகள். ஒரு விமானம் மெதுவாக ஊர்ந்து போய் முனையில் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் நாங்கள் நின்ற மாடியே அதிருகிற மாதிரி இரைந்துகொண்டு ஓடி மேலே ஏறியது. கொடியில் தொங்கிய யாருடைய லுங்கியோ ஆடியது.

"எம்மாடி!" என்றாள் வீட்டம்மா. கையை ஆட்டப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நிஜமாவே பக்கம்தான் போல" என்றும் சொன்னாள். அந்த ஒரு ராத்திரி மட்டும் நான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

ராத்திரி முழுக்க விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி தாளம் போட்டது. வாடகை கொடுத்த ஒரே ஒரு ராத்திரித் தூக்கமும் இப்படியாக முடிந்தது.

புதன்கிழமை காலை திருவல்லிக்கேணி. மீசை வைத்த பெருமாளை நின்று நிதானமாகச் சேவித்தோம். மத்தியானம் திரும்பி வந்து பெட்டிகளைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால் தி.நகர் புண்ணியத்தில் ஒரு பெட்டி 25 கிலோ. எதை எடுப்பது என்ற விவாதத்தில் என் இரண்டு வேட்டியும் ஒரு ஸ்வெட்டரும் தோற்றன. அப்பளத்தின் பேரில் கை வைக்க முடியவில்லை. "சிகாகோ குளிருக்கு அப்பளத்தையா போத்திக்குவேன்?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு கார் வரச் சொல்லியிருந்தேன். 2.4 கிலோமீட்டர்தானே, பத்தரைக்குக் கிளம்பினால் போதாதா என்றுதான் முதலில் நினைத்தேன். மேனேஜர்தான் எதற்கும் ஒன்பதுக்கே கிளம்பிடுங்க என்றார். எதற்கும் என்றால் எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

கார் கிளம்பியதும் டிரைவர் போனைப் பார்த்து, "11 கிலோமீட்டர் காட்டுது சார். ஒரு மணி நேரம்" என்றார்.

"தம்பி, தப்பாப் போட்டிருக்கீங்க. 2.4 கிலோமீட்டர்தான். ஆப்பில் நான் பார்த்தேன்."

அவர் ஒரு கணம் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ, பாவம். நிதானமாகச் சொன்னார்: "அது ரன்வேயோட அந்தக் கடைசிக்கு சார். வாசல் ஜி.எஸ்.டி. ரோட்டுல இல்ல இருக்கு. நடுவுல ஆறு. ரெண்டாவது ரன்வேக்கு ஆத்து மேலேயே பாலம் கட்டி வச்சிருக்காங்க. பிளேனுக்குப் பாலம் இருக்கு, நமக்குத்தான் சுத்து."

பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "நடந்தே போயிரலாம்னு ஒருத்தர் சொன்னாரே."

மணப்பாக்கத்தில் கம்பெனிகள் விட்ட கூட்டம் இன்னும் கலையவில்லை. பூந்தமல்லி சாலைக்கு வந்தால் மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவில் தகரத் தடுப்பு. மிச்சமிருந்த சந்தில் பஸ்ஸும் லாரியும் நாங்களும். மாதவரம் சகலையை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன மெட்ரோ நிஜமாகவே வந்துகொண்டுதான் இருந்தது, எங்கள் காருக்குக் குறுக்கே. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மணி 9.50. ஆவடி மைத்துனன் போன் செய்தான். "அத்தான், ஏர்போர்ட் போயிட்டீங்களா?" பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது.

ஏர்போர்ட் வாசலுக்கு நேர் எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், திரிசூலம் ரயில்வே ஸ்டேஷன். தாம்பரத்தில் இருந்து மின்சார ரயில் அங்கே நிற்கிறது. "திரிசூலத்துல பழைய சிவன் கோயில்கூட ஒண்ணு இருக்கு சார், சோழர் காலத்துது" என்று டிரைவர் தகவல் தந்தார். கோயிலும் பக்கம், ஸ்டேஷனும் பக்கம், ஏர்போர்ட்டும் பக்கம். வீட்டம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

பெட்டிகளைப் போட்டோம். நாலும் 23-க்குள் நின்றன. குடியேற்றச் சோதனை முடிந்து, சரியான வாசலைத் தேடிப் போய் உட்கார்ந்து, தூங்கி விழுந்து, ஒருவழியாக விமானத்தில் ஏறியபோது அவளுக்கு ஜன்னல் சீட். எனக்கு நடுச் சீட். விமானம் மெதுவாக ஊர்ந்து போய் முனையில் நின்றது. முந்தின ராத்திரி மாடியிலிருந்து பார்த்த அதே நிற்பு. வீட்டம்மா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தொடையில் தட்டினாள்.

"ஏங்க, அங்க பாருங்க."

எட்டிப் பார்த்தேன். விளக்குகள், இருட்டு, அதற்கு அப்பால் பச்சையாக ஒரு பலகை. கடைசி எழுத்து எரியவில்லை.

"காலையில பதினோரு மணி வரைக்கும் அந்த ரூம் நம்மளுதுதானே?" என்றாள். "இப்பக் கதவைத் திறந்து விட்டாங்கன்னா நடந்தே போய்ப் படுத்திரலாம்."